கட்டி சுமக்கும் சுண்டெலியின் ஈரலுக்குக் கிளைக்கோஜன் கிட்: வாங்கினால் தேறுமா?

கிளைக்கோஜன் என்பது ஈரல் சேர்த்துவைக்கும் குளுக்கோஸ் கையிருப்பு; அதை நிறத்தால் அளக்கும் பெட்டிதான் இந்தக் கிட். நன்றாகத் தின்ற சுண்டெலியின் ஈரல் சாற்றை நீர்க்காமல் இந்தக் கிட்டின் பிளேட்டில் விட்டுப் பாருங்கள். இளஞ்சிவப்பு சரசரவென்று ஏறும். உச்சத்தைத் தொட்டதும் முட்டி நிற்கும். சரக்கு இன்னும் மிஞ்சினால் வெளுக்கவும் தொடங்கும். பக்கத்து வெல்லில், அதாவது பிளேட்டின் அடுத்த குழியில், புற்றுக்கட்டி சுமக்கும் சுண்டெலியின் ஈரல். அங்கே கையிருப்பே சொற்பம் என்பதால் நிறம் நிதானமாக ஏறி நிற்கும். நிறத்தை அளக்கும் ரீடர் தரும் எண்களைப் பார்த்தால் இரண்டுக்கும் வித்தியாசமே தெரியாது. சில சமயம் நோயுற்ற எலிக்குத்தான் கிளைக்கோஜன் அதிகம் என்றுகூட வரும். கிட் கெட்டுப்போகவில்லை. கூட வரும் செய்முறைத்தாள் எல்லாத் திசுக்களுக்கும் பொதுவாக எழுதப்பட்டது. ஈரலுக்குத் தனிக் கணக்கு வேண்டும், கட்டி வந்த விலங்கின் ஈரலுக்கு அதிலும் தனிக் கணக்கு.

இங்கே பார்ப்பது 570 நானோமீட்டரில் நிறம் படிக்கும் கிளைக்கோஜன் கிட் வகையை. சிக்மா-ஆல்ட்ரிச், அப்காம், கேமன் என்று பல நிறுவனங்கள் விற்கின்றன. பெட்டி மாறும், விலை மாறும். உள்ளே நடக்கும் வேதியியல் ஏறத்தாழ ஒன்றுதான். குளுக்கோஅமைலேஸ் என்ற நொதி கிளைக்கோஜனின் நுனியிலிருந்து குளுக்கோஸை ஒவ்வொன்றாகக் கத்தரிக்கிறது. குளுக்கோஸ் ஆக்சிடேஸ் அந்தக் குளுக்கோஸை எரித்து ஹைட்ரஜன் பெராக்சைடு உண்டாக்குகிறது. பெராக்சிடேஸ் அதைப் பிடித்து, நிறமில்லாத சாயம் ஒன்றை இளஞ்சிவப்பு ரெசோருஃபினாக மாற்றுகிறது. பெராக்சைடு அளவுக்கு மீறினால் அந்த ரெசோருஃபினே மேலும் எரிந்து நிறமிழக்கும். மேலே சொன்ன வெளுப்புக்கு அதுதான் காரணம்.

புற்றுநோய் ஆய்வில் ஈரல் கிளைக்கோஜனை ஏன் அளக்கிறார்கள் என்பதைத் தெரிந்துகொண்டால்தான் இந்தக் கிட்டின் நிறைகுறை பிடிபடும். கட்டி முதுகுத் தோலுக்கடியில்தான் வளர்கிறது. ஈரலை அது தொடுவதே இல்லை. ஆனாலும் ஈரலின் வேலைப் பட்டியல் மாறிவிடுகிறது. கட்டி குளுக்கோஸை எடுத்து லாக்டேட்டாகக் கக்குகிறது. அந்த லாக்டேட்டை ஈரல் வாங்கி மறுபடி குளுக்கோஸாக்கி இரத்தத்தில் விடுகிறது. ஒரு குளுக்கோஸை லாக்டேட்டாக்கும்போது கட்டிக்குக் கிடைப்பது 2 ஏடிபி (செல்லின் ஆற்றல் நாணயம்). திரும்பக் கட்டுவதற்கு ஈரல் செலவழிப்பது 6 ஏடிபிக்குச் சமம். இந்தச் சுற்றுக்குப் பெயர் தந்த கார்ல் கோரியும் கெர்ட்டி கோரியும் 1925-இலேயே ஒரு இறக்கையில் கட்டி வளர்ந்த கோழியை எடுத்து, கட்டி வழியே வரும் இரத்தத்தில் சர்க்கரை குறைவு, லாக்டிக் அமிலம் அதிகம் என்று காட்டியவர்கள். அதே இருவருக்கு 1947-இல் நோபல் கிடைத்தது கிளைக்கோஜன் உடையும் வழியைக் கண்டதற்காக. இந்தக் கிட்டுக்கு அவர்கள் படத்தை ஒட்டினால் பொருத்தமாகத்தான் இருக்கும்.

ஆனால் எல்லாவற்றையும் லாக்டேட் சுற்றின் தலையில் கட்டுவது பழைய பாடம். 1968-இல் ஜோசஃப் கோல்ட் என்ற ஆய்வாளர் இந்தச் சுற்றை ஈரலில் அடைத்துவிட்டால் புற்றால் வரும் உடல் மெலிவு நிற்கும் என்று ஹைட்ரசின் சல்ஃபேட் என்ற மருந்தை முன்வைத்தார். 1990-களில் நோயாளிகளிடம் நடந்த பெரிய சோதனைகளில் அது பலிக்கவில்லை. வாக்கர் 256 என்ற சோதனைக் கட்டி வளர்த்த எலிகளின் ஈரலைத் தனியே எடுத்து, திரவம் ஓட்டிப் பார்த்த ஆய்வுகளில், சில மூலப்பொருள்களிலிருந்து குளுக்கோஸ் ஆக்கும் திறன் கூடவில்லை, குறைந்தே இருந்தது. சி26 பெருங்குடல் கட்டி வளர்த்த சுண்டெலிகளில் இன்டர்லூக்கின்-6 என்ற அழற்சிப் புரதம் ஏறி, பட்டினியில் ஈரல் மாற்று எரிபொருளான கீட்டோன் ஆக்கும் திறனையே மட்டுப்படுத்துகிறது என்று 2016-இல் ஓர் ஆய்வு காட்டியது. அதே ஆண்டு இன்னொன்று: சுண்டெலியின் நுரையீரலில் கட்டி வளர்ந்தால் ஈரலின் அன்றாடத் தாளமே மாறுகிறது, கடிகார மரபணுக்கள் ஓடிக்கொண்டே இருக்க, அவை இயக்கும் வளர்சிதை வேலைகள் மட்டும் நேரம் மாறுகின்றன, இன்சுலின் சொல்லுக்கு ஈரல் செவிசாய்ப்பதும் குறைகிறது. இத்தனைக்கும் நடுவில் கிளைக்கோஜன் என்பது ஒரு கையிருப்புக் கணக்கு மட்டுமே. பெட்டியில் எவ்வளவு இருக்கிறது என்று சொல்லும். யார் போட்டார், யார் எடுத்தார் என்று சொல்லாது. கிட் விளம்பரத்தில் 'வளர்சிதை மாற்றப் பகுப்பாய்வு' என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தால் அதைப் பாதியாகக் குறைத்து வாசியுங்கள்.

வேலையில் இறங்கலாம். அளவின் பாதித் தலையெழுத்து கிட்டைத் திறப்பதற்கு முன்பே எழுதப்பட்டுவிடுகிறது. உயிர் போன நிமிடத்திலிருந்து ஈரலில் ஆக்சிஜன் இல்லை. பாஸ்ஃபோரிலேஸ் விழித்துக்கொண்டு கிளைக்கோஜனை உடைக்கத் தொடங்கும். கார்பன் டைஆக்சைடில் மெல்லக் கொன்றால் மூச்சுத்திணறலும் அட்ரினலினும் சேர்ந்து இதை முன்னமே தொடங்கிவைக்கும். சைலசின் கலந்த மயக்க மருந்து இன்சுலினை அடக்கி இரத்தச் சர்க்கரையை ஏற்றும். எல்லா விலங்குக்கும் ஒரே முறை, வயிற்றைத் திறந்ததும் முதலில் ஈரல், திரவ நைட்ரஜனில் குளிர்வித்த அலுமினிய இடுக்கியால் நசுக்கி உறையவைப்பது என்பதுதான் சரியான வரிசை. கட்டியை அளந்து, மண்ணீரலை எடைபோட்டு, கடைசியில் ஈரலுக்கு வந்தால் கிளைக்கோஜன் குறைந்து, தனித்த குளுக்கோஸ் ஏறியிருக்கும். கட்டி வந்த விலங்கில் அளக்க வேண்டிய உறுப்புகள் அதிகம் என்பதால் இந்தத் தாமதம் அந்தக் குழுவுக்கே அதிகம் விழும். இதைக் கவனிக்காமல்தான் பலர் 'புற்றால் கிளைக்கோஜன் குறைவு' என்று எழுதிவிடுகிறார்கள்.

நேரமும் அப்படியே. சுண்டெலி இரவில் தின்னும். அதன் ஈரல் கிளைக்கோஜன் விடியலை ஒட்டி உச்சத்தில் இருக்கும், பகல் சாயச் சாயக் கரையும். காலையில் கட்டுப்பாட்டுக் குழுவை முடித்துவிட்டு மதியம் கட்டிக் குழுவை எடுத்தால், கட்டியே இல்லாவிட்டாலும் வித்தியாசம் வரும். ஒன்று விட்டு ஒன்றாக மாற்றி மாற்றி எடுங்கள். தாளமே மாறுகிறது என்ற மேற்படி ஆய்வை வைத்துப் பார்த்தால், முடிந்தால் காலை ஒன்று, மாலை ஒன்று என இரண்டு வேளை எடுப்பது நல்லது. இரவு முழுக்கப் பட்டினி போடும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். சுண்டெலிக்கு அது நீண்ட பட்டினி. ஈரல் கையிருப்பு எல்லாக் குழுவிலும் தரைமட்டமாகிவிடும், அளக்க எதுவும் மிஞ்சாது. தீனியோடு விடுங்கள், அல்லது காலையில் 4 முதல் 6 மணி நேரம் மட்டும் தீனியை எடுத்துவிடுங்கள்.

திசுத் தயாரிப்பில் செய்முறைத்தாள் பெரும்பாலும் 10 மில்லிகிராம் திசு, 200 மைக்ரோலிட்டர் நீர் என்ற மாதிரி அளவு சொல்லும். உறைந்த ஈரலில் 10 மில்லிகிராம் நறுக்கி எடைபோடுவது நடைமுறையில் வம்பு. உறைபனி ஒட்டும், ஓரம் உருகும், மில்லிகிராமில் இரண்டு மூன்று தவறும். ஒரு மடல் முழுவதையும் திரவ நைட்ரஜன் ஊற்றிய கல்வத்தில் பொடியாக்கி, குளிர்ந்த குழாயில் 25 மில்லிகிராம் எடுத்து, நீரையும் அதே விகிதத்தில் 500 மைக்ரோலிட்டராக்கினால் எடைப் பிழை சுருங்கும். கிளைக்கோஜன் ஈரலில் எங்கும் ஒரே சீராக இல்லை. பொடியாக்கினால் அந்தச் சீரின்மையும் கலந்து சமமாகிவிடும். மண்ணீரலில் செல் செலுத்தி ஈரலுக்குக் கட்டி பரப்பும் மாதிரியில் வேலை செய்பவர்கள் மட்டும் பொடியாக்கும் முன் முடிச்சுகளைக் கத்தியால் ஒதுக்குங்கள். இல்லையேல் அளப்பது ஈரலும் கட்டியும் சேர்ந்த கூட்டு.

பொடியை நீரில் அரைத்த உடனே கொதிக்கவையுங்கள். திருகுமூடிக் குழாய், 95 முதல் 100 டிகிரி, 10 நிமிடம், நடுவில் ஒருமுறை குலுக்கல். அழுத்துமூடி என்றால் ஆவி தள்ளித் திறந்துகொள்ளும், நீர் வற்றும், செறிவு ஏறும். அரைத்துவிட்டுப் பனிக்கட்டியில் இருபது குழாய் சேரும்வரை காத்திருந்தால் முதல் குழாயில் ஈரலின் சொந்த நொதிகள் கிளைக்கோஜனைத் தின்றிருக்கும்.

கொதிப்பில் கஞ்சத்தனம் கூடாது என்பதற்கு இன்னொரு காரணம் இருக்கிறது. கட்டி ஆய்வுக்கே உரிய காரணம், செய்முறைத்தாள் எதிலும் எழுதுவதில்லை. இந்தக் கிட்டின் நிறம் ஹைட்ரஜன் பெராக்சைடை நம்பி நிற்கிறது. ஈரலில் பெராக்சைடை உடைக்கும் கேட்டலேஸ் நொதி ஏராளம். கட்டி வளரும் விலங்கின் ஈரலில் அந்தக் கேட்டலேஸ் விழுகிறது. 1940-களில் அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தில் ஜெஸ்ஸி கிரீன்ஸ்டைன் காட்டியது இது. கட்டியை வெட்டி எடுத்தால் மறுபடி ஏறும். ஜப்பானில் நகஹராவும் ஃபுகுவோகாவும் 1948-இல் கட்டியிலிருந்து எடுத்த சாற்றாலேயே இப்படிக் குறைக்க முடிகிறது என்று சொல்லி, அதற்கு டாக்ஸோஹார்மோன் என்று பெயரும் வைத்தார்கள். இப்போது கணக்குப் போடுங்கள். கொதிப்பு அரைகுறையானால் மிச்சமிருக்கும் கேட்டலேஸ் நல்ல ஈரலின் நிறத்தை அதிகமாகவும், நோயுற்ற ஈரலின் நிறத்தைக் குறைவாகவும் விழுங்கும். பிழை எல்லாக் குழாயிலும் சமமாக விழுந்தால் பொறுத்துக்கொள்ளலாம். இது ஒரு குழுவின் பக்கம் சாயும் பிழை.

கொதித்ததைச் சென்ட்ரிஃபியூஜில் 13,000 ஜி வேகத்தில் 5 நிமிடம் சுற்றி, தெளிவை எடுக்க வேண்டும். அடியில் உறைந்த புரதக் கட்டியில் கொஞ்சம் கிளைக்கோஜன் மாட்டிக்கொள்ளும். மீண்டும் ஒருமுறை நீர் விட்டுக் கலக்கிச் சுற்றி இரண்டு தெளிவையும் சேர்த்தால் பெரும்பகுதி மீளும். ஒரே ஒரு முன்னோட்டக் குழாயில் இரண்டாவது தெளிவைத் தனியே அளந்து பாருங்கள். அதில் கணிசமாக வந்தால் எல்லாக் குழாய்க்கும் இரண்டு முறை.

அடுத்தது நீர்ப்பு. கிட்டோடு வரும் ஸ்டாண்டர்ட் வரிசை, அதாவது ஒப்பிடுவதற்கான அளவு தெரிந்த கிளைக்கோஜன், வழக்கமாக வெல்லுக்கு 0, 0.4, 0.8, 1.2, 1.6, 2.0 மைக்ரோகிராம். தின்ற சுண்டெலியின் ஈரலில் கிராமுக்கு ஏறத்தாழ 50 மில்லிகிராம் கிளைக்கோஜன் என்று வையுங்கள். மேற்சொன்ன விகிதத்தில் அரைத்தால் மைக்ரோலிட்டருக்கு 2.5 மைக்ரோகிராம். ஒரே மைக்ரோலிட்டரிலேயே வரிசையின் உச்சி தாண்டிவிட்டது. 100 மடங்கு நீர்த்து 40 மைக்ரோலிட்டர் விட்டால் 1 மைக்ரோகிராம். ஸ்டாண்டர்ட் வரிசையிலிருந்து வரையும் வளைவின் நடுவே உட்காரும். இதே 100 மடங்கு நீர்ப்பைக் கிராமுக்கு 3 மில்லிகிராம் மட்டுமே மிஞ்சிய நோய் ஈரலுக்குப் போட்டால் 0.06 மைக்ரோகிராம். முதல் ஸ்டாண்டர்டுக்கும் வெகு கீழே, கிளைக்கோஜனே இல்லாத பிளாங்க் வெல்லோடு கரைந்துவிடும். அதற்கு 5 மடங்கு நீர்ப்பு போதும், 1.2 மைக்ரோகிராம் வரும். எந்த விலங்கு எந்தப் பக்கம் என்று முன்கூட்டித் தெரியாது, தெரியவும் கூடாது. ஆகவே எல்லா மாதிரியையும் இரண்டு நீர்ப்பில் ஓட்டுங்கள், வளைவுக்குள் விழுவதை எடுத்துக்கொள்ளுங்கள்.

பின்னணி வெல்லை மிச்சம் பிடிப்பவர்கள் உண்டு. குளுக்கோஅமைலேஸ் சேர்க்காமல் அதே மாதிரியை ஓட்டி, ஏற்கெனவே இருக்கும் குளுக்கோஸைக் கழிக்கும் வெல் அது. நல்ல ஈரலில் இதை விட்டாலும் பெரிய நஷ்டமில்லை. ஈரலில் குளுக்கோஸ் கிராமுக்கு 8 மைக்ரோமோல் என்றால் 1.4 மில்லிகிராம் சொச்சம். 50 மில்லிகிராம் கிளைக்கோஜன் முன்னே அது மூன்று சதவீதம்கூட இல்லை. 3 மில்லிகிராம் மட்டும் உள்ள நோய் ஈரலில் அதே குளுக்கோஸ் மொத்த நிறத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. பின்னணியைக் கழிக்காவிட்டால் நோய்க் குழுவின் கிளைக்கோஜனை ஒன்றரை மடங்காகச் சொல்வீர்கள். இரத்தம் கலந்த மாதிரியில் ஹீமோகுளோபின் 577 நானோமீட்டர் பக்கம் ஒளியை உறிஞ்சும். மிச்சமிருக்கும் அந்தச் சிவப்பும் இதே வெல்லில் கழிந்துபோகும்.

குளூட்டாதயோன் என்ற ஆக்சிஜனேற்றத் தடுப்பான் வேறொரு தொல்லை. ஈரலில் 5 முதல் 10 மில்லிமோலார் இருக்கும், கொதித்தாலும் சாகாது, சாயத்தின் நிறமேற்றத்தைத் தடுக்கும். 100 மடங்கு நீர்ப்பில் பயமில்லை. 5 மடங்கு நீர்ப்பில், அதாவது நோய் ஈரலுக்கு நாம் தேர்ந்தெடுக்கும் அதே நீர்ப்பில், கணக்குப்படி வெல்லில் இருபது முப்பது மைக்ரோமோலார் வரை நிற்கும். இந்தச் சாயத்துக்குக் குளூட்டாதயோன் போன்ற தயோல் பத்து மைக்ரோமோலார் இருந்தாலே இடைஞ்சல். ஒவ்வொரு குழுவிலும் இரண்டு மாதிரியில் தெரிந்த 0.4 மைக்ரோகிராம் கிளைக்கோஜனைக் கூடச் சேர்த்து ஓட்டுங்கள்; இதுதான் மீட்புச் சோதனை. சேர்த்ததில் பத்தில் ஒன்பது பங்கு திரும்பி வந்தால் சரி. குறைந்தால் இன்னும் நீர்க்கவும். இந்தச் சோதனையைக் கட்டுப்பாட்டு ஈரலில் மட்டும் செய்துவிட்டுத் திருப்திப்படுவது வீண்; இடைஞ்சல் இருப்பது மற்ற குழுவில்.

சாயம் டிஎம்எஸ்ஓவில் கரைந்து வரும். அந்தக் கரைப்பான் 18 டிகிரி சொச்சத்திலேயே உறையும். ஏசி அறையில் பாதி உறைந்த குழாயிலிருந்து பைப்பெட்டில் உறிஞ்சினால் அளவு கோணும். 37 டிகிரியில் ஒன்றிரண்டு நிமிடம் வைத்து முழுக்க உருக்கிய பிறகு எடுங்கள். வெளிச்சம் பட்டால் தானாகச் சிவக்கும். பிளாங்க் வெல்லே கண்ணுக்கு இளஞ்சிவப்பாகத் தெரிந்தால் சாயம் பழசு. டிரிஸ் பஃபரில் திசுவை அரைக்க வேண்டாம், குளுக்கோஅமைலேஸை டிரிஸ் மட்டுப்படுத்தும். அதே தெளிவில் புரதமும் அளந்து 'மில்லிகிராம் புரதத்துக்கு இவ்வளவு' என்று எழுதலாம் என்ற ஆசையையும் விட்டுவிடுங்கள்: கொதித்த தெளிவில் புரதம் எங்கே இருக்கிறது, அது அடியில் உறைந்து கிடக்கிறது. ஈர எடைக்குக் கிராம் கணக்கிலும், முழு ஈரல் கணக்கிலும் இரண்டையும் எழுதுங்கள். கட்டி வளரும் விலங்குகளில் உடல் மெலியும்போதே ஈரல் பெருப்பது பல மாதிரிகளில் உண்டு. கிராம் கணக்கில் பாதியாகத் தெரிவது முழு ஈரல் கணக்கில் அவ்வளவு இருக்காது.

இனி, கிட்டை விடப் பெரிய விஷயம். சி26 செல்களைப் பத்து லட்சம் அளவில் பால்ப்/சி இனச் சுண்டெலியின் தோலடியில் செலுத்தினால் இரண்டு வாரம் போல மெலிவு தொடங்கும். அதோடு தீனி எடுப்பதும் குறையும். குறைவாகத் தின்ற எலிக்குக் கிளைக்கோஜன் குறைவது புற்றுநோயின் அதிசயமல்ல, வயிற்றின் கணக்கு. கட்டிக் குழு, சும்மா குழு என்று இரண்டே குழு வைத்துக்கொண்டு இந்தக் கிட்டை வாங்கினால், எத்தனை துல்லியமாக அளந்தாலும் அந்த எண்ணுக்குப் பொருள் சொல்ல முடியாது. மூன்றாவது குழு ஒன்று வேண்டும்: கட்டி இல்லாதது, ஆனால் கட்டிக் குழு நேற்றுத் தின்ற அளவே இன்று தின்பது.

சொல்வது சுலபம், அங்கேதான் அடுத்த பள்ளம். அளந்து வைத்த தீனியைப் பசித்த எலி வைத்த சில மணி நேரத்தில் காலி செய்துவிடும், மீதி நேரமெல்லாம் பட்டினி. கட்டி எலியோ அதே அளவை இரவெல்லாம் கொறிக்கும். காலையில் ஈரலை எடுத்தால் ஒன்று பட்டினி ஈரல், மற்றது இப்போதுதான் தின்ற ஈரல். கிளைக்கோஜனில் கட்டி எலியே மேல் என்றுகூட வரலாம்! தீனியை விளக்கணையும் வேளையில் ஒரு பங்கு, நள்ளிரவில் ஒரு பங்கு, விடியுமுன் ஒரு பங்கு எனப் பிரித்து வையுங்கள்; தானாகத் திறக்கும் தீனிப்பெட்டி இருந்தால் தூக்கம் மிஞ்சும். கூண்டின் அடியில் சிந்திய துகளையும் சலித்து எடைபோடுங்கள். தனித்தனிக் கூண்டில் வைத்தால் எல்லாக் குழுவையும் அப்படியே வையுங்கள். 22 டிகிரி அறை சுண்டெலிக்குக் குளிர், கூட்டமாக ஒட்டிப் படுக்க முடியாதபோது சூட்டுக்கே அதிகம் எரிக்கும். இந்த மூன்றாவது குழுவை விலங்கு நெறிமுறைக் குழு விண்ணப்பத்திலேயே எழுதிவிட வேண்டும். ஆய்விதழின் மதிப்பீட்டாளர் கேட்ட பிறகு சேர்ப்பது என்றால் சோதனை முழுவதையும் மறுபடி நடத்த வேண்டும்.

எடையிலும் ஒரு கண் வேண்டும். 24 கிராம் சுண்டெலியில் கட்டி 3 கிராம் என்றால் எலியின் சொந்த எடை 21 தான். தராசு 'எடை குறையவில்லை' என்று சொல்லும்போதே உடல் எட்டில் ஒரு பங்கு கரைந்திருக்கும். கிளைக்கோஜனோடு பைருவேட் தாங்குதிறன் சோதனையும் (பைருவேட்டை ஊசியில் கொடுத்து ஈரல் எவ்வளவு குளுக்கோஸ் ஆக்குகிறது என்று பார்ப்பது) செய்பவர்கள் கிலோவுக்கு 2 கிராம் என்று மொத்த எடைக்கு ஊசி போட்டால், 42 மில்லிகிராம் போக வேண்டிய உடலுக்கு 48 போகும். பிறகு சர்க்கரை ஏறியதைப் பார்த்து ஈரல் அதிகமாக ஆக்குகிறது என்று மகிழ வேண்டாம்.

கிட்டுக்கு மாற்று இல்லையா? இருக்கிறது, அதுவும் மலிவாக. நம் ஊர் இரத்தப் பரிசோதனைக் கூடங்கள் பலவற்றிலும் இருக்கும் ஜிஓடி-பிஓடி (குளுக்கோஸ் ஆக்சிடேஸ்-பெராக்சிடேஸ்) குளுக்கோஸ் ரீஏஜென்ட் போதும். லேபில் காட்-பாட் என்றால் எல்லாருக்கும் புரியும். கூடவே ஆஸ்பர்ஜிலஸ் நைகர் பூஞ்சையிலிருந்து எடுத்த அமைலோகுளுக்கோசிடேஸ் ஒரு குப்பி. கிட்டில் இருக்கும் அதே நொதிக்கு இன்னொரு பெயர். ஈரலை மேற்சொன்ன மாதிரியே கொதித்து, 0.2 மோலார் அசிட்டேட் பஃபர், பிஎச் 4.8-இல் நொதியோடு 40 டிகிரியில் 2 மணி நேரம் வைத்து, விடுபட்ட குளுக்கோஸை 505 நானோமீட்டரில் படிக்கலாம். 50 மில்லிகிராம் கிளைக்கோஜன் உள்ள ஈரலில் 25 மில்லிகிராமை 500 மைக்ரோலிட்டரில் கரைத்தால் டெசிலிட்டருக்கு 280 மில்லிகிராம் குளுக்கோஸ் போல வரும், ரீஏஜென்டுக்கு அது பழகிய எல்லை. நோய் ஈரலில் 15 சொச்சம்தான் வரும், தடுமாறும். அப்போது திசுவை 50 மில்லிகிராமாக்கி, 1 மில்லிலிட்டர் ரீஏஜென்டுக்கு 10 மைக்ரோலிட்டருக்குப் பதில் 50 விட்டால் எண் தேறும். ஸ்டாண்டர்டையும் அதே 50 மைக்ரோலிட்டரில் ஓட்ட மறக்கக் கூடாது. நொதிக் குப்பியிலேயே கொஞ்சம் குளுக்கோஸ் இருக்கலாம்; திசு இல்லாமல் நொதி மட்டும் விட்ட பிளாங்க் கட்டாயம். இங்கே ஸ்டாண்டர்ட் குளுக்கோஸ் என்பதால் வந்த எண்ணை 0.9-ஆல் பெருக்கினால்தான் கிளைக்கோஜன்; கிட்டில் ஸ்டாண்டர்டே கிளைக்கோஜன் என்றால் இந்தப் பெருக்கல் வேண்டாம். இரண்டு முறையையும் மாறிமாறிச் செய்யும் லேபில் இந்தப் பத்து சதவீதம் அடிக்கடி காணாமல் போகும்.

ஆந்த்ரோன் முறையும் உண்டு. 30 சத பொட்டாசியம் ஹைட்ராக்சைடில் அரை மணி நேரம் கொதித்து, எத்தனாலில் வீழ்படியவைத்து, அடர் கந்தக அமிலத்தில் ஆந்த்ரோனோடு சூடாக்கி 620 நானோமீட்டரில் படிப்பது. புரதக் கட்டியில் மாட்டியதையும் சேர்த்து மொத்தமாக எடுக்கும் என்பது இதன் பலம். கேட்டலேஸ், குளூட்டாதயோன் தொல்லையும் இல்லை. ஆனால் சொற்பமான கிளைக்கோஜன் எத்தனாலில் முழுக்க வீழாது, கழுவும்போது கையோடு போகும். கூடவே கொஞ்சம் சோடியம் சல்ஃபேட் சேர்த்து இரவு முழுக்கக் குளிரில் வைத்தால் ஓரளவு பிடிக்கலாம். கந்தக அமிலத்தைத் தினமும் கையாள ஆசைப்படுபவர்கள் குறைவு என்பதும் உண்மை.

எங்கள் தீர்ப்பு இப்படி. முழு ஈரல் கையில் இருக்கும் எலி, சுண்டெலி வேலைக்குக் காட்-பாட் முறையே போதும். கிட்டுக்குக் கொடுக்கும் காசில் தானியங்கித் தீனிப்பெட்டி வாங்குங்கள், முடிவு அதனால்தான் மேம்படும். ஊசியால் எடுத்த சிறு துணுக்கு, ஒரே ஈரலை ஆர்என்ஏ, கொழுப்பு, புரதம் என நாலு பேர் பங்கு போடும் நிலை, நோய் முற்றி கிளைக்கோஜன் கிராமுக்கு ஒன்றிரண்டு மில்லிகிராமாக இறங்கிய விலங்குகள், இந்த மூன்றிலும் கிட் தன் விலைக்கு நியாயம் செய்யும். ஃபுளோரசன்ஸ் ரீடர் இருந்தால் அதே பெட்டியை ஃபுளோரசன்ஸில் ஓட்டி இன்னும் கீழே இறங்கலாம். ஐந்துக்கு மூன்றரை கொடுக்கலாம். செய்முறைத்தாளில் ஈரலுக்கென்று நீர்ப்பு அட்டவணை ஒன்று போட்டிருந்தால் நாலு.

வாங்குமுன் எண்ணிக்கையைப் பார்த்துக்கொள்ளுங்கள். பெட்டியில் '100 சோதனை' என்று போட்டிருப்பதை 100 விலங்கு என்று படிக்கக் கூடாது. 96 வெல் பிளேட்டில் ஸ்டாண்டர்ட் ஆறு புள்ளி இரட்டையாக 12 வெல் போய்விடும். மீதி 84. ஒரு விலங்குக்கு இரண்டு நீர்ப்பும் இரட்டையாக 4, அடர்ந்த நீர்ப்புக்குப் பின்னணி இரட்டையாக 2, ஆக 6 வெல். 14 விலங்கு. அதிலிருந்து மூன்று குழுவிலும் மீட்புச் சோதனைக்கு ஒரு ஆறு வெல்லாவது ஒதுக்கினால் 13. குழுவுக்கு ஏழு வீதம் மூன்று குழு என்றால் 21 விலங்கு. இரண்டு பெட்டி வேண்டும், இரண்டும் ஒரே லாட் எண்ணாக. முதல் பிளேட்டில் ஒரு குழு, இரண்டாவதில் மற்றது என்று பிரிக்காமல், மூன்று குழுவையும் இரண்டு பிளேட்டிலும் கலந்து வையுங்கள்.